மஞ்சள் மேல் வெள்ளை எழுத்தா?

கேள்வி: அம்மா வீட்டில் ஊறுகாய் போட்டு விற்கிறார். அதற்கு நானே ஒரு வலைப்பக்கம் செய்தேன். மங்களகரமாக இருக்கட்டும் என்று மஞ்சள் பின்னணி (சிவப்பு 255, பச்சை 193, நீலம் 7), அதன்மேல் வெள்ளை எழுத்து. என் லேப்டாப்பில் அழகாகத்தான் இருக்கிறது. போனில் பார்த்த சித்தி, "விலை எங்கேடி போட்டிருக்கே?" என்கிறார். கலர் பிக்கர் என்று ஏதோ டூல் இருக்கிறதாமே, அது உதவுமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சித்தி பக்கம்தான் நியாயம். நீங்கள் கொடுத்த எண்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் 1.6 தான் வருகிறது. வெள்ளை மேல் கறுப்பு என்றால் 21. வெள்ளை மேலேயே வெள்ளை என்றால் 1. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும், பெரிய தலைப்புக்கு 3 போதும் என்பது வலைப்பக்கங்களுக்கு உலகம் முழுக்கப் பின்பற்றுகிற கணக்கு. அப்படியானால் உங்கள் பக்கத்தை பஸ் ஸ்டாப் வெயிலில் நின்று பார்ப்பவருக்கு அது வெறும் மஞ்சள் பலகை.

மஞ்சள் ஏன் இப்படிக் காலை வாருகிறது? திரையில் மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தில் பச்சைக்கு மட்டும் 71 சதவீதத்துக்கு மேல் பங்கு, சிவப்புக்கு 21, நீலத்துக்கு வெறும் 7. ஆக, மஞ்சள் பாதி வெள்ளையாகவே பிறந்தது, அதன்மேல் வெள்ளையை வைத்தால் எடுபடாது.

டூலுக்கு எங்கேயும் அலைய வேண்டாம், குரோமிலேயே இருக்கிறது. உங்கள் பக்கத்தைத் திறந்து, அந்த வெள்ளை எழுத்தின் மேல் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' கொடுங்கள். பக்கவாட்டில் வரும் வரிகளில் எழுத்தின் நிறம் எழுதியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு சதுரம் தெரியும். அதைத் தொட்டால் வண்ணப் பெட்டி விரியும், நீங்கள் கேட்ட கலர் பிக்கர் அதுதான். கீழே உள்ள பட்டை எந்த நிறம் என்பதற்கு, மேலே உள்ள பெரிய சதுரம் அந்த நிறம் எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு இருட்டு என்பதற்கு. 'கான்ட்ராஸ்ட் ரேஷியோ' என்று ஓர் எண்ணும் கூடவே வரும், நான் சொன்ன 1.6 அங்கே நிற்கும். அதை விரித்தால் சதுரத்துக்குள் வளைந்த கோடுகள் இரண்டு ஓடும், புள்ளியைப் பிடித்து மேல் கோட்டுக்குக் கீழே இழுத்தால் எண் 4.5-ஐத் தாண்டும். அவ்வளவுதான் வேலை. (பின்னணியில் போட்டோ வைத்திருந்தால் மட்டும் இந்தக் கணக்கை நம்பாதீர்கள்.)

பெரும்பாலோர் பட்டையைத்தான் உருட்டிக்கொண்டே இருப்பார்கள், நீலமா ரோஸா என்று. முதலில் இருட்டு வெளிச்சத்தைச் சரி செய்யுங்கள், நிறத்தை அப்புறம் பார்க்கலாம். மஞ்சளை விட மனசில்லை என்றால் விட வேண்டாம், எழுத்தை மட்டும் அரக்குக்கு மாற்றுங்கள். #800000 என்ற நிற எண்ணைப் போட்டுப் பாருங்கள், 6.7 வருகிறது. ஊறுகாய்க்கும் அதுதான் பொருத்தம் என்பது என் கட்சி.

ஒன்று முக்கியம். இந்தப் பெட்டியில் மாற்றுவது உங்கள் திரையில் மட்டும்தான் மாறும், பக்கத்தை ரீலோட் செய்தால் போயே போச்சு. ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து நான் பொறுக்கிய ஏழு நிறங்கள் அப்படித்தான் போயின. பிடித்த எண்ணை உடனே காப்பி செய்து உங்கள் கோப்பில் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: சேலைக் கடைப் பக்கத்துக்கு, ஒரு மயில்கழுத்துப் பட்டின் போட்டோவிலிருந்து ஐட்ராப்பரால் நிறம் எடுக்கிறேன். தொடுகிற இடமெல்லாம் வேறு வேறு எண் வருகிறதே?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: அந்தச் சேலையில் ஒரே நிறம் இருந்தால்தானே! பாவு ஒரு கலர், ஊடை வேறு கலர், இரண்டும் சேர்ந்துதான் மயில்கழுத்தாக மினுங்குகிறது. போதாக்குறைக்கு ஐட்ராப்பர் தொடுவது ஒரே ஒரு பிக்ஸலை. நூலின் பளபளப்பில் பட்டால் வெளிர் எண் வரும், மடிப்பில் பட்டால் கிட்டத்தட்டக் கறுப்பு. திரையில் மொத்தம் 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 நிறங்கள் சாத்தியம், எதில் போய் விழும் என்று யாருக்குத் தெரியும். சேலையின் உடல் பகுதியை மட்டும் வெட்டி, அந்தப் படத்தைப் பத்து பிக்ஸல் அகலத்துக்குச் சுருக்கிச் சேமியுங்கள். பக்கத்துப் பக்கத்து நிறங்கள் கலந்து சராசரியாகிவிடும், அதிலிருந்து எடுங்கள். பார்டருக்குத் தனியாக இதையே செய்யுங்கள்.

கேள்வி: வலைப்பக்கத்தில் நிறத்தின் பெயரை எழுதினாலே போதும் என்றார்கள். 'டார்க்கிரே' என்று போட்டேன், அது 'கிரே'யைவிட வெளுப்பாக இருக்கிறது. என் கம்ப்யூட்டரில் கோளாறா?

பதில்: கோளாறு உங்களிடம் இல்லை. எக்ஸ்11 என்ற, யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களின் பழைய நிறப் பட்டியலில் கிரே 190, டார்க்கிரே 169 (எண் கூடினால் வெளுப்பு), அதாவது ஒழுங்காகத்தான் இருந்தது. வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்.டி.எம்.எல். தனியாக ஒரு கிரே வைத்திருந்தது, அதற்கு 128. இரண்டு பட்டியலையும் சேர்த்தபோது கிரேயை எச்.டி.எம்.எல். பட்டியலிலிருந்தும் டார்க்கிரேயை எக்ஸ்11 பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். இனி மாற்றினால் பழைய பக்கங்களின் நிறமெல்லாம் மாறிப்போகும் என்பதால் அப்படியே கிடக்கிறது. வெள்ளைப் பின்னணியில் சாம்பல் எழுத்து வேண்டுமென்றால் #767676 என்று எண்ணாகவே எழுதுங்கள். அதற்கு 4.5 கிடைக்கிறது, #777777 என்று ஒரு படி ஏறினாலே மயிரிழையில் ஃபெயில்.