டி.ஓ. பட்டம் பெற்றவர் முழு மருத்துவரா?

அமெரிக்காவில் பெயருக்குப் பின்னால் எம்.டி. (அங்கே வழக்கமான மருத்துவப் பட்டம்) என்று இல்லாமல் டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) என்று இருந்தால் அவரை நம்பிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். அவர் மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம். 50 மாநிலங்களிலும் எம்.டி.க்கு நிகரான உரிமை உண்டு.

ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892-இல் மிசௌரி மாநிலத்தின் கர்க்ஸ்வில்லில் தொடங்கிய கல்லூரிதான் இந்தப் பட்டத்துக்கு வேர். இன்றும் மாணவர்கள் வழக்கமான மருத்துவப் படிப்போடு கையால் செய்யும் சிகிச்சையையும் சுமார் 200 மணி நேரம் கற்கிறார்கள். உதாரணமாக, கழுத்து பிடித்துக்கொண்டவர் மருத்துவரின் உள்ளங்கைக்கு எதிராகத் தலையைச் சில நொடிகள் மெல்லத் தள்ளுவார். தசை தளர்ந்ததும் மருத்துவர் கழுத்தை இன்னும் கொஞ்சம் திருப்புவார். ஆனால் வேலைக்கு வந்தபின் பலர் இதை அதிகம் செய்வதில்லை.

2020-இல் இரு தரப்பினரின் மேற்பயிற்சியும் ஒரே அங்கீகார அமைப்பின்கீழ் வந்தது. பெரிய முன்னேற்றம்தான். இருந்தும் டி.ஓ. மாணவர்கள் பலர் தங்களுக்குரிய காம்லெக்ஸ் என்ற உரிமத் தேர்வோடு, போட்டி அதிகமுள்ள துறைகளுக்காக எம்.டி. மாணவர்கள் எழுதும் யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வையும் எழுதுகிறார்கள். இரட்டைப் படிப்பு, இரட்டைக் கட்டணம். இது அநியாயம் என்றே சொல்வேன்.

அப்புறம் ஒன்று: பிரிட்டனில் ஆஸ்டியோபாத் என்பவர் சட்டப்படி பதிவு பெற்ற கைச்சிகிச்சையாளர், மருத்துவர் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.