வெனீர் சுண்ணாம்பு மாதிரி தெரிகிறதா? ஒட்டும் முன் இதைப் பாருங்கள்

முன்பற்கள் நான்கிலும் வைத்த தற்காலிக வெனீர் (பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய ஓடு) சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருக்கிறது, நிரந்தரமானதும் இப்படித்தான் வருமா என்று கேட்டிருந்தீர்கள். பயப்பட வேண்டாம். தற்காலிக வெனீரைப் பெரும்பாலும் ஒரே நிற ரெசினில், அதாவது பிளாஸ்டிக் போன்ற பொருளில், செய்வார்கள். நிரந்தர வெனீரில் உள்ள பீங்கானின் உயிர்ப்பு அதில் வராது.

ஆனால் நிறத்தைப் பற்றி மருத்துவரிடம் இப்போதே பேசிவிடுங்கள். கண்ணாடியில் உங்கள் சொந்தப் பல் ஒன்றை உற்றுப் பாருங்கள். ஈறு ஓரம் கொஞ்சம் மஞ்சளாக இருக்கும், நுனியில் வெளிச்சம் லேசாக ஊடுருவிச் சாம்பல் நீலமாகத் தெரியும். கோரைப்பல் பொதுவாக இன்னும் ஒரு படி மஞ்சள். இந்த ஏற்ற இறக்கம் இல்லாமல் நான்கும் ஒரே வெள்ளையாக வந்தால்தான் பொய்ப்பல் போலத் தெரியும்.

அப்புறம், ஒட்டும் முன் சோதனைப் பசை (நிறம் பார்க்க மட்டும் தற்காலிகமாக வைக்கும் பசை) வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெனீர் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன்தான் என்பதால், அடியில் உள்ள பசையின் நிறமும் வெளியே தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில், பல்லை ஈரமாக வைத்துப் பாருங்கள். காய்ந்த பல் வெளுத்துக் காட்டும். ஒட்டிய பிறகு நிறம் பிடிக்காவிட்டால் உடைத்தெடுத்துப் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.