சுவரேறும் கொடிகள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கே: மேல்மாடிச் சுவர் முழுக்கக் கொடி அத்தி. இழுத்தால் பூச்சும் சேர்ந்து வருகிறது. (கொக்குவில்)

ப: பச்சையாக இழுத்தால் வரத்தான் செய்யும். முதலில் அடியை வெட்டி, ஒரு சாண் துண்டை எடுத்துவிடுங்கள். பிறகு பொறுங்கள். ஐந்தாறு கிழமையில் சருகாகும். மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றலாம். மிஞ்சும் வேர்த்தடத்தை நனைத்து வயர் பிறஷ்ஷால் தேயுங்கள். அதன் பால் பட்ட கையோடு வெயிலில் நின்றால் தோல் எரியும். முழுக்கைச் சட்டை, கையுறை.

கே: வெட்டிப் போட்ட மணிபிளான்ட் குப்பைக்குள் முளைக்கிறது. (நல்லூர்)

ப: ஒரு கணு ஈரத்தில் கிடந்தாலே முளைக்கும். சீமெந்து நிலத்தில் பரப்பி, நல்ல வெயிலில் காயவிட்டுப் பிறகு போடுங்கள்.

கே: கோவைக்கொடி வெட்ட வெட்ட வருகிறது. அடியில் உப்பும் மண்ணெண்ணெயும் ஊற்றினால் பட்டுவிடுமாம். எவ்வளவு ஊற்றலாம்? கிணறு பக்கத்தில்தான். (உரும்பிராய்)

ப: ஒரு துளியும் வேண்டாம். எத்தனை தரம் எழுதியும் இந்தக் கேள்வி ஓய்வதில்லை. கிணறு பக்கத்தில் என்று நீங்களே எழுதிவிட்டு அளவும் கேட்கிறீர்கள்! யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் கிணற்றை நம்பித்தான். கீழே இருப்பது வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது விறுவிறென்று இறங்கிவிடும், உங்கள் வளவோடும் நிற்காது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தானே நாம்? 2014, 2015இல் சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது தண்ணீர் பவுசருக்காகக் குடத்தோடு காத்து நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். உப்பு சுவரையும் விடாது. ஈரத்தோடு ஏறிப் பூத்து, பூச்சை உதிர்க்கும்.

சரி, கோவைக்கு வருவோம். அதற்குக் கீழே கிழங்கு இருக்கிறது. மழை பெய்து மண் இளகியதும் அலவாங்கால் கிண்டி எடுங்கள். மிஞ்சிய துண்டு தளிர்த்தால் கிள்ளிக்கொண்டே இருங்கள். ஒரு வருடமளவில் சோர்ந்துவிடும்.

கே: ஊர் வீட்டில் ஏதோ கொடி ஏறியிருக்காம். அம்மா போனில் சொன்னா. என்ன மருந்து அடிக்கலாம்? (கனடா)

ப: ஏதோ கொடிக்கு ஏதோ மருந்துதான் சொல்ல முடியும். படம் அனுப்புங்கள். அதுவரை அடியை வெட்டிவிட்டுப் பொறுக்கச் சொல்லுங்கள். அம்மாவை ஏணியில் ஏற விடாமல் ஆள் பிடியுங்கள்.

கே: அப்பப்பா காலத்துச் சுண்ணாம்புச் சாந்துச் சுவர். வெடிப்பில் ஆலங்கன்று. சீமெந்து பூசி மூடலாமா? (வட்டுக்கோட்டை)

ப: மூடினால் வேர் உள்ளே பருத்து வெடிப்பை அகட்டும். விரல் தடிப்பில் இருக்கும்போதே நாலைந்து கல்லைக் கழற்றி, வேரோடு எடுத்து, பழையபடி சுண்ணாம்புச் சாந்தாலேயே கட்டுங்கள். சீமெந்து ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன்மார் இப்போது குறைவுதான், தேடத்தான் வேண்டும்.

கே: மதிலில் முசுட்டை படர்ந்து கிடக்கிறது. எப்படி அழிப்பது? (சாவகச்சேரி)

ப: ஏன் அழிக்கிறீர்கள்? முசுட்டைதான் என்று வீட்டுப் பெரியவர் யாராவது பார்த்துச் சொன்னால், இளம் இலையாகக் கிள்ளித் தேங்காய்ப்பூ போட்டு வறை வையுங்கள். கூரைப் பீலிக்குள் போவதை மட்டும் வெட்டினால் போதும்.