நிறுவும்போது வட்டு தெரியவில்லையா? லினக்ஸ் சர்வர் கேள்வி பதில்

கேள்வி: பழைய சர்வர் ஒன்றில் ரெட் ஹேட் லினக்ஸ் 8 நிறுவுகிறேன். வட்டைத் தேர்ந்தெடுக்கும் திரையில் நான் செருகிய பென் டிரைவ் மட்டுமே தெரிகிறது. முந்தைய பதிப்பு 7 நேற்றுவரை இதில்தான் ஓடியது. வட்டுகளை இணைக்கும் ரெய்டு அட்டை போய்விட்டதா, ஐயா?

பதில்: அட்டையின்மேல் உடனே பழி போடாதீர்கள். 2019 மே மாதம் வந்த 8-ஆம் பதிப்பில், பழைய அட்டைகள் பலவற்றின் அடையாள எண்களை டிரைவர்களிலிருந்து (அட்டைகளை இயக்கும் மென்பொருள்கள்) எடுத்துவிட்டார்கள். டிரைவர் உள்ளே இருந்தும், உங்கள் அட்டையை முன்பின் அறியாததுபோல் இருக்கும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்1 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பிறகு கன்ட்ரோல்-பி, அடுத்து 2. கட்டளைத் திரை வரும். அட்டைகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை இரட்டை 'என்' விருப்பத்தோடு (lspci -nn) கொடுத்தால், அட்டையின் வரியில் சதுர அடைப்புக்குள் 1000:0072 போன்ற ஓர் எண் தெரியும். 1000 என்றால் எல்எஸ்ஐ என்ற சிப் நிறுவனம், 0072 என்றால் எஸ்ஏஎஸ்2008 சிப். டிரைவரைத் தேட வேண்டியது இந்த எண்ணை வைத்துத்தான். அட்டையில் அச்சிட்ட பெயர் உதவாது. ஒரே சிப்பைப் பல நிறுவனங்கள் தத்தம் பெயரில் விற்றிருக்கின்றன.

கேள்வி: எண் அதேதான்! டிரைவர் எங்கே கிடைக்கும்? பென் டிரைவில் எப்படி வைப்பது?

பதில்: ரெட் ஹேட்டுக்கான கூடுதல் டிரைவர்களைத் தரும் எல்ரெப்போ (ELRepo) தளத்தில் டிரைவர் வட்டுகளுக்கென்றே (டிரைவர் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்புகள்) தனிக் கோப்புறை இருக்கிறது. 8.6-க்கு உரியதை 8.10-இல் கொடுத்துவிட்டுத் தலையில் கைவைக்காதீர்கள். புள்ளிக்குப் பின்னுள்ள எண்ணும் பொருந்த வேண்டும். ஐஎஸ்ஓவை இரண்டாவது பென் டிரைவில் எழுதுங்கள். அதன் லேபிள் பெரிய எழுத்துகளில் ஓஇஎம்டிஆர்வி (OEMDRV) என்றிருந்தால் நிறுவல் மென்பொருள் தானாகவே ஏற்றிக்கொள்ளும்.

கேள்வி: தானாக ஏற்றவில்லையே!

பதில்: கையால் சொல்லுங்கள். தொடக்க மெனுவில், கணினி புதிய யூஇஎஃப்ஐ முறையில் தொடங்கினால் 'இ', பழைய பயாஸ் முறை என்றால் டேப் விசை. கெர்னலை (லினக்ஸின் மையப் பகுதி) ஏற்றும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, ஐஎன்எஸ்டி, புள்ளி, டிடி (inst.dd) என்று சிறிய எழுத்துகளில் சேர்த்துத் தொடருங்கள். அந்த இடைவெளியை ஒருமுறை மறந்தேன். வரியின் கடைசிச் சொல்லான 'குவையட்' உடன் அது ஒட்டிக்கொண்டது. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. அரை மணி நேரம் பென் டிரைவை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தேன்.

சரியாகக் கொடுத்தால் வட்டுகளின் பட்டியல் எண்களோடு வரும். பென் டிரைவை இப்போதுதான் செருகினீர்கள் என்றால் 'ஆர்' அழுத்துங்கள், பட்டியல் புதுப்பிக்கப்படும். எண்ணைக் கொடுத்துத் தேர்ந்தெடுத்ததும் 'சி' அழுத்தித் தொடரலாம்.

கேள்வி: டிரைவரைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் கையொப்பம் செல்லாது என்று மறுக்கிறது.

பதில்: அது செக்யூர் பூட், நம்பகமான கையொப்பம் இல்லாத டிரைவர்களைத் தடுக்கும் வசதி. நிறுவி முடிக்கும்வரை அதை அணைத்து வையுங்கள். பிறகு கையொப்பத்தைச் சரிபார்க்கும் எல்ரெப்போவின் சாவியை மோக்யூட்டில் (mokutil) கட்டளையால் பதிந்துவிட்டு மீண்டும் இயக்குங்கள்.

கேள்வி: அடுத்த கெர்னல் வந்தால் வட்டு மறுபடி மறைந்துவிடுமா?

பதில்: சிறிய திருத்தங்களில் பெரும்பாலும் மறையாது, டிரைவர் வட்டில் உள்ள தொகுப்பு நிறுவப்பட்ட கணினியிலும் இடம்பிடித்துவிடும், புதிய கெர்னலோடும் இணைந்துகொள்ளும். 8.9-இலிருந்து 8.10-க்குத் தாவும்போதுதான் கவனம் தேவை. எல்ரெப்போவின் களஞ்சியத்தையும் சேர்த்து, டிரைவர் தொகுப்பை முதலில் புதுப்பியுங்கள். புதிய கெர்னல் ஒழுங்காக எழும்வரை பழையதை அழிக்காதீர்கள்.

கேள்வி: இத்தனை பாடு இல்லாமல் வழியே கிடையாதா?

பதில்: இருக்கிறது. ரெட் ஹேட்டுக்கு இணையான இலவச லினக்ஸான ஆல்மாலினக்ஸ் 2024-இல் வெளியிட்ட 9.4 பதிப்பில், நீக்கப்பட்ட பழைய அட்டைகள் பலவற்றுக்கு ஆதரவைத் திரும்பச் சேர்த்தார்கள். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் இவற்றை நீக்கவே இல்லை. ரெட் ஹேட்தான் வேண்டும் என்று உங்கள் மென்பொருள் அடம்பிடிக்காவிட்டால், நான் டெபியனைத்தான் போடுவேன்.