காண்ட்ராக்ட் முடியப் போகுது, கிளப் பதில் சொல்லல: இந்த ஆஃப் சீசன்ல என்ன பண்ணணும்?

கேள்வி: அண்ணா, எனக்கு 24 வயசு, வியாசர்பாடி, ஃபுட்பால்ல ரைட் பேக் (வலது பக்க டிஃபெண்டர்) ஆடறேன். கிளப்போட போட்ட ரெண்டு வருஷ காண்ட்ராக்ட் மே 31-ஓட முடியுது. மேட்ச் எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டேன். ரினியூ பண்ணுவீங்களான்னு கேட்டா "வெயிட் பண்ணுப்பா, மேனேஜ்மென்ட் முடிவு பண்ணல"ன்னு சொல்றாங்க. கடைசி ரெண்டு மாச சம்பளமும் வரல. அடுத்த சீசன் எப்ப ஆரம்பிக்கும்னு யாருக்கும் தெரியல. நான் ரெஸ்ட் எடுக்கணுமா இல்ல இப்பவே முழுசா ட்ரெயினிங் ஆரம்பிக்கணுமா? அப்பா ரயில்வேக்கு அப்ளை பண்ணுன்னு சொல்றார். இன்னொருத்தர் வெளிநாட்டு கிளப்ல ட்ரயல் வாங்கித் தரேன், முன்பணம் கட்டுன்னு சொல்றார். ஒண்ணும் புரியல.

பதில்: தம்பி, ட்ரெயினிங் பத்தி நிறைய சொல்லணும், ஆனா முதல்ல பேப்பர் வேலைய முடிச்சுடுங்க, ஏன்னா உங்க லெட்டர்ல தேதி உறுதியா தெரியற ஒரே விஷயம் மே 31 மட்டும்தான். அதுக்குள்ள கிளப்புக்கு ஒரு ஈமெயில் போகணும். வாட்ஸ்அப் போதாது, ஃபோன்ல பேசினது சுத்தமா கணக்குல வராது. எந்தெந்த மாச சம்பளம் வரல, எவ்ளோ தொகை, காண்ட்ராக்ட்ல எந்தத் தேதிக்குள்ள கொடுக்கணும்னு இருக்கு, இத மட்டும் மரியாதையா எழுதி, எத்தன நாளுக்குள்ள வேணும்னும் போட்டு அனுப்புங்க. ரெண்டு மாச சம்பளம் பாக்கி இருந்து, வீரர் எழுத்துல கேட்டு குறைஞ்சது 15 நாள் டைம் கொடுத்தும் கிளப் தரலன்னா காண்ட்ராக்ட முறிச்சுக்க நியாயமான காரணம் இருக்குன்னு ஃபிஃபா விதில 2018லேர்ந்து இருக்கு. உங்க ஃப்ரெண்ட்ஸ் யாராவது இதச் சொல்லி "முறிச்சுட்டு வா"ன்னு சொல்லுவாங்க. உங்களுக்கு அது தேவையில்ல. சில வாரத்துல தானா முடியப் போற காண்ட்ராக்ட முறிச்சு என்ன ஆகப் போகுது? காண்ட்ராக்ட் முடிஞ்சாலும் பாக்கி சம்பளம் பாக்கிதான், முடிஞ்சுடுச்சுங்கறதால அந்த உரிமை போயிடாது. கிளப் தரலன்னா, நீங்க இந்திய வீரர், கிளப்பும் இந்திய கிளப்ங்கறதால ஃபிஃபாவுக்கு நேரா போக முடியாது, இந்திய ஃபுட்பால் சம்மேளனம், அதான் ஏஐஎஃப்எஃப்போட ப்ளேயர் ஸ்டேட்டஸ் கமிட்டிக்குத்தான் போகணும். அங்க உங்களுக்கு கை கொடுக்கப் போறது இந்த ஈமெயிலும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும்தான். வீரர்களுக்குன்னு எஃப்பிஏஐங்கற சங்கம் இருக்கு, பைச்சுங் பூட்டியா காலத்துல ஆரம்பிச்சது, அவங்க கிட்டயும் பேசிப் பாருங்க.

இதவிட முக்கியமான ஒண்ணு. கிளப் ஆபீஸ்ல ஒரு பேப்பர் நீட்டி "இதுல சைன் பண்ணு, ரிலீஸ் லெட்டர் உடனே தரோம்"னு சொன்னா, அதுல "எனக்கு கிளப்கிட்ட இனி எந்த பாக்கியும் இல்ல"ங்கற மாதிரி ஒரு வரி இருக்கான்னு பாருங்க. இருந்தா பணம் அக்கவுன்ட்ல ஏறற வரைக்கும் சைன் பண்ணாதீங்க. அடுத்த கிளப் கிடைக்கணுமேங்கற பயத்துல பசங்க இதுல கண்ண மூடிட்டு சைன் பண்ணிட்டு, அப்புறம் நாலு மாசம் கழிச்சு வந்து கேக்கறப்ப யாராலயும் ஒண்ணும் பண்ண முடியறதில்ல, எனக்கு மனசு ரொம்ப கஷ்டமா இருக்கற இடம் இதுதான். ரிலீஸ் இல்லாம போயிடுமோன்னு பயப்பட வேண்டாம். காண்ட்ராக்ட் முடிய ஆறு மாசம் இருக்கறப்பவே வேற கிளப்போட ஒப்பந்தம் போட்டுக்க ஒரு வீரருக்கு உரிமை உண்டு, முடிஞ்ச பிறகு பழைய கிளப்புக்கு ட்ரான்ஸ்ஃபர் ஃபீஸ்னு எதுவும் கிடையாது. 1995-ல ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன்ங்கற வீரரோட வழக்குல கொடுத்த தீர்ப்புக்கு அப்புறம் வந்த மாத்தம் இது. இன்னொண்ணு, ட்ரான்ஸ்ஃபர் விண்டோ (கிளப்புங்க வீரர்கள ரெஜிஸ்டர் பண்ற காலம்) மூடறதுக்கு முன்னாடியே காண்ட்ராக்ட் முடிஞ்சுட்ட வீரர விண்டோ மூடின பிறகும் ரெஜிஸ்டர் பண்ணலாம்னு ஃபிஃபா விதில இடம் இருக்கு. லீக்குக்குன்னு டீம் பட்டியல் விதி தனியா இருக்கும், அத அந்த கிளப் பாத்துக்கும். அதனால கடைசி நாள் பதட்டத்துல எவனோ நீட்டற குறைஞ்ச சம்பளத்துக்கு தலையாட்ட வேண்டாம்.

அப்புறம், கிளப்போட உறவு நல்லா இருக்கறப்பவே அனலிஸ்ட் கிட்ட உங்க ஃபுல் மேட்ச் வீடியோ, ஜிபிஎஸ் நம்பர்ஸ், ஃபிஸியோ கிட்ட உங்க இஞ்சுரி ரெக்கார்டு எல்லாம் கேட்டு வாங்கிடுங்க. ஜூன்ல அந்த ஆளுங்களே அங்க இருப்பாங்களான்னு தெரியாது. ஹைலைட்ஸ் வீடியோ நாலஞ்சு நிமிஷம் போதும், ஆனா கூடவே ரெண்டு முழு மேட்ச் லிங்க் இருக்கணும், ஏன்னா கோச்சுங்க ரைட் பேக்க பாக்கறப்ப க்ராஸ மட்டும் பாக்க மாட்டாங்க, பந்து எதிர்ப்பக்கம் இருக்கறப்ப நீங்க எங்க நிக்கறீங்கன்னு பாப்பாங்க. சம்பளத்துல வரி (டிடிஎஸ்) பிடிச்சிருந்தா அந்த சர்டிஃபிகேட்டும் வாங்குங்க, ரிட்டர்ன் ஃபைல் பண்ணா ரீஃபண்ட் வர வாய்ப்பிருக்கு, சம்பளம் வராத நேரத்துல அது சின்னத் தொகை இல்ல.

சரி, உடம்புக்கு வருவோம். ரெஸ்ட்டா ட்ரெயினிங்கான்னு கேட்டீங்க. ரெண்டும் வேணும், ஆனா வழக்கமான ஆஃப் சீசன் ப்ளான் உங்களுக்கு சரிப்படாது. ஏன்னா அந்த ப்ளான் எல்லாம் ஒரு தேதிலேர்ந்து பின்னாடி எண்ணிப் போடறது: ப்ரீ சீசன் இந்த தேதி, அதுக்கு ஆறு வாரம் முன்னாடி இது, நாலு வாரம் முன்னாடி அது. உங்களுக்கு அந்தத் தேதியே இல்லையே.

2025-ல என்ன ஆச்சுன்னு நினைச்சுப் பாருங்க. ஏப்ரல் 12 ஐஎஸ்எல் ஃபைனல், மே 3 சூப்பர் கப் ஃபைனல். நிறைய பேர் வழக்கம் போல ரெஸ்ட் எடுத்துட்டு ஜூன், ஜூலைல ட்ரெயினிங்க ஏத்த ஆரம்பிச்சாங்க. ஜூலை 11 அன்னிக்கு ஐஎஸ்எல் நடத்தின எஃப்எஸ்டிஎல் கம்பெனி சீசன நிறுத்தி வைக்கறோம்னு சொல்லிடுச்சு, ஏஐஎஃப்எஃப்போட 2010-ல போட்ட 15 வருஷ ஒப்பந்தம் டிசம்பர் 8-ஓட முடியுது, அதுக்கப்புறம் என்னன்னு தெளிவில்லங்கறது காரணம். ஆகஸ்ட்ல பெங்களூரு எஃப்சி மெயின் டீம் சம்பளத்த நிறுத்திச்சு, ஒடிசா எஃப்சி காண்ட்ராக்ட்ட சஸ்பெண்ட் பண்ணுச்சு, நம்ம சென்னையின் எஃப்சியும் டீம் வேலைய நிறுத்தி வச்சுது. அப்புறம் அக்டோபர் கடைசில கோவால சூப்பர் கப், மறுபடி இடைவெளி, கடைசில லீக் ஆரம்பிச்சது 2026 பிப்ரவரி 14. இந்த நடுவுல ஒவ்வொரு வதந்திக்கும் "அடுத்த மாசம் ஆரம்பிக்குதாம்"னு ஃபுல்லா ஏத்தி, ஆரம்பிக்கலன்னதும் மனசு விட்டு முழுசா இறக்கி, மறுபடி ஏத்தின பசங்களுக்குத்தான் ஹாம்ஸ்ட்ரிங்கும் (தொடையோட பின்பக்கத் தசை) இடுப்பு மடிப்பும் பிடிச்சுக்கற ஆபத்து ஜாஸ்தி. ட்ரெயினிங் லோடு திடீர்னு ஏறறதும் இறங்கறதும்தான் தசைக்கு எதிரி.

அதனால நான் சொல்றது இது. தேதிய நோக்கி ரெடி ஆகாதீங்க, ஒரு லெவல நோக்கி ரெடி ஆகுங்க. எந்த லெவல்? நாளைக்கு ஒரு கிளப் கூப்பிட்டா மூணுலேர்ந்து நாலு வாரத்துல 90 நிமிஷம் ஆடற நிலைக்கு வந்துடலாம்ங்கற லெவல். அங்க போய் நின்னுக்கணும். அதுக்கு மேல ஏத்தறது கூப்பிட்ட பிறகுதான்.

முதல் ரெண்டு வாரம் நிஜமாவே ரெஸ்ட். நடங்க, நீச்சல் தெரிஞ்சா நீந்துங்க, சைக்கிள் ஓட்டுங்க, பூட்ஸ தொடாதீங்க. சீசன் முழுக்க மாத்திரை போட்டு ஆடின வலி ஏதாவது இருந்தா இப்பவே ஸ்கேன் பண்ணிப் பாத்துடுங்க, கிளப்போட மெடிக்கல் கவர் மே 31 வரைக்கும்தான் இருக்கும். ரெண்டு வாரத்துல ஃபிட்னஸ் போயிடுமேன்னு கவலைப்பட வேண்டாம், கொஞ்சம் இறங்கும், திரும்ப வந்துடும். ஆனா நாலு வாரம் சும்மா இருந்தா மூச்சுத் திறன், அதான் விஓ2 மேக்ஸ், 4லேர்ந்து 14 சதவீதம் வரைக்கும் குறையலாம்னு ஆய்வுகள் சொல்லுது. ஒரு மேட்ச்ல பத்து கிலோமீட்டருக்கு மேல ஓடற, அதுவும் சைடுல மேலயும் கீழயும் ஸ்பிரின்ட் அடிச்சுட்டே இருக்கற ரைட் பேக்குக்கு அது தாங்காது.

அடுத்த நாலு வாரம் மெதுவா கட்டணும். ஓட்டத்துக்கு நான் பரிந்துரைக்கறது நாலுக்கு நாலு: நாலு நிமிஷம் உச்ச இதயத் துடிப்புல 90-95 சதவீதம் வர்ற மாதிரி ஓடுங்க, மூணு நிமிஷம் ஜாக், இப்படி நாலு தடவ, வாரத்துக்கு ரெண்டு நாள். நார்வேல ஜூனியர் ஃபுட்பால் வீரர்கள வச்சு எட்டு வாரம் செஞ்சு பாத்து மூச்சுத் திறன் நல்லா ஏறினத காட்டினது இது. முதல் வாரத்துலயே நாலு தடவ வேண்டாம், ரெண்டுல ஆரம்பிங்க. ஜிம்ல ஸ்குவாட், டெட்லிஃப்ட் வாரத்துக்கு ரெண்டு நாள். அதே நாள்ல நார்டிக் ஹாம்ஸ்ட்ரிங், அதான் முட்டி போட்டு உடம்ப மெதுவா முன்னாடி சாய்க்கற பயிற்சி, அத விட மாட்டேன்னு இருங்க, ஒழுங்கா செஞ்ச டீம்கள்ல ஹாம்ஸ்ட்ரிங் காயம் கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சிருக்கு. தொடை உள்பக்கத்துக்கு கோபன்ஹேகன்ங்கற பயிற்சி. பசங்களுக்கு இது ரெண்டும் பிடிக்காது, வலிக்கும், பெஞ்ச் ப்ரெஸ் மாதிரி போட்டோவுக்கு நல்லாவும் இருக்காது, ஆனா ஒரு வருஷ சம்பளத்த காப்பாத்தறது இதுதான்.

எல்லாரும் விட்டுடற ஒண்ணு ஸ்பிரின்ட். தனியா ட்ரெயின் பண்றப்ப ஜாக்கிங் நிறைய பண்ணுவாங்க, முழு வேகத்துக்கு போகவே மாட்டாங்க, அப்புறம் ட்ரயல்ல முதல் நாள் ஒரு விங்கர துரத்தறப்ப தொடைல பிடிச்சுக்கும். இந்த நாலு வாரத்துல மூணாவது வாரத்துலேர்ந்து வாரத்துக்கு ஒரு நாளாவது நல்லா வார்ம் அப் பண்ணிட்டு, 30-40 மீட்டர் ஸ்பிரின்ட் ஆறேழு, நடுவுல ரெண்டு மூணு நிமிஷம் முழு ரெஸ்ட்டோட. பீச் மணல்ல வேண்டாம், அங்க முழு வேகம் வராது, கெண்டைக்கால் தசைக்கும் குதிகால் தசைநாணுக்கும் பாரம் ஜாஸ்தி. மே மாசம் கத்திரி வெயில், காலைல அஞ்சரைக்கு ஆரம்பிச்சு ஏழுக்குள்ள முடிச்சுடுங்க.

அந்த லெவலுக்கு வந்த பிறகு நிக்கறது நீங்க நினைக்கறத விட சுலபம். வேகத்த குறைக்காம அளவ மட்டும் குறைச்சா ஃபிட்னஸ் பல வாரம் அப்படியே நிக்கும், வேகத்த குறைச்சு அளவ கூட்டினா நிக்காது. அதனால வாரத்துக்கு ரெண்டு கடுமையான ஓட்டம், ஒரு ஸ்பிரின்ட் நாள், ரெண்டு ஜிம், ரெண்டு நாள் பசங்களோட டீமுக்கு நாலு பேர், அஞ்சு பேர்னு சின்ன கேம். பந்தோட டச் தனியா செவுத்துல அடிச்சா வராது, எதிர்ல ஆள் வேணும், வியாசர்பாடில அதுக்கு பஞ்சமில்ல.

செவன்ஸ், அதான் டீமுக்கு ஏழு பேர் ஆடற ஃபுட்பால், அதப் பத்தி நீங்க கேக்கல, ஆனா கேரளாலேர்ந்து கூப்பிடுவாங்க, ஒரு மேட்சுக்கு கையில காசு, சம்பளம் வராத நேரத்துல ஆசையாத்தான் இருக்கும். மே 31 வரைக்கும் கண்டிப்பா போகாதீங்க, உங்க காண்ட்ராக்ட்ல வேற போட்டில ஆடக்கூடாதுன்னு இருக்க வாய்ப்பு அதிகம், அத காட்டியே பாக்கி சம்பளத்த இழுத்தடிப்பாங்க. அதுக்கப்புறமும் நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன், அந்த மோதல்ல முட்டில இருக்கற ஏசிஎல் தசைநார் போனா ஆபரேஷன், மறுபடி ஆட ஒன்பது மாசமாவது ஆகும், செலவு உங்க தலைல. ஆனா வீட்ல அடுப்பெரியணும்ங்கற நிலைமைல இருக்கறவங்கள குத்தம் சொல்ல எனக்கு மனசு வராது. வேற வழியே இல்லன்னா ஷின் கார்டு போட்டு, தரை பாத்து, ரெண்டு மேட்சுக்கு நடுவுல மூணு நாள் விட்டு ஆடுங்க.

அப்பா சொல்றத தயவு செஞ்சு கேளுங்க. அப்ளை பண்றதுனால ஃபுட்பால விட்டதா ஆகாது. ரயில்வே விளையாட்டு கோட்டா அறிவிப்புகள்ல வயசு வரம்பு 18லேர்ந்து 25, தளர்வு கிடையாது, உங்களுக்கு 24, அதனால இந்த வாய்ப்பு ரெண்டு வருஷம் கழிச்சு இருக்காது. எந்தப் போட்டி சர்டிஃபிகேட் செல்லும்னு அறிவிப்புலயே போட்டிருப்பாங்க, சந்தோஷ் டிராபி ஆடியிருந்தா தமிழ்நாடு ஃபுட்பால் சங்கத்துல இப்பவே சர்டிஃபிகேட் வாங்கி வச்சுடுங்க. சதர்ன் ரயில்வே, ஐசிஎஃப், இந்தியன் பேங்க் எல்லாம் சென்னை லீக்ல ஆடற டீம்தான், வேலையும் இருக்கும் ஆட்டமும் இருக்கும். கிளப் ஆஃபர் நல்லதா வந்தா அப்ப எது வேணும்னு முடிவு பண்ணிக்கலாம், இப்ப ஃபார்ம் போடறதுல ஒரு நஷ்டமும் இல்ல.

கடைசியா அந்த வெளிநாட்டு ட்ரயல். ஏஜென்ட்டா வேலை பாக்க ஃபிஃபா லைசன்ஸ் வேணும், பரிட்சை எழுதித்தான் வாங்க முடியும், லைசன்ஸ் இருக்கறவங்க பேர ஃபிஃபா சைட்லயே தேடிப் பாக்கலாம். அவரோட முழுப்பேர் கேளுங்க, தேடிப் பாருங்க. நிஜ ஏஜென்ட்டுக்கு காசு வர்றது உங்க காண்ட்ராக்ட் பணத்துலேர்ந்து, காண்ட்ராக்ட் வர்றதுக்கு முன்னாடி உங்க பாக்கெட்லேர்ந்து இல்ல. அவர் உங்கள ரெப்ரசென்ட் பண்றதா எழுத்துல போட்டாலும் அது ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கக்கூடாது. எந்த கிளப், எந்த டிவிஷன், கிளப்போட சொந்த ஈமெயில்லேர்ந்து லெட்டர் வருமா, தங்கற செலவு யாருது, ட்ரயல்ல காயம் பட்டா யார் பாப்பாங்க, இத எல்லாம் எழுத்துல கேளுங்க. "முதல்ல பணம் கட்டு, அப்புறம் சொல்றேன்"னு வந்தா அதோட விட்டுடுங்க. ஒருவேளை லெட்டர் வந்தா, பணம் கட்டறதுக்கு முன்னாடி அத எனக்கு அனுப்புங்க, உங்க பேர மறைச்சுட்டே அனுப்பலாம், பாத்து சொல்றேன்.