மழை, பனி, உப்பு: ரோடு பைக்கைத் துருவிலிருந்து காப்பது எப்படி?

ஐப்பசி பிறந்ததும் ரோடு பைக், அதாவது தார்ரோட்டில் வேகமாக ஓட்டும் மெல்லிய டயர் சைக்கிள், வைத்திருக்கும் வேலூர்ப் பக்கத்துக்காரர்களிடமிருந்து வருவதெல்லாம் துருவைப் பற்றிய கேள்விகள்தான். வெளிநாட்டுக்குப் படிக்கப் போன பிள்ளைகளுக்காகவும் சில வீடுகளிலிருந்து கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, காட்பாடியில் ரூம் எடுத்துப் படிக்கிறேன். மழையில் ஓட்டிவிட்டு வந்து சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே நிறுத்துகிறேன். காலையில் பார்த்தால் செயின் செங்கல் நிறத்தில் இருக்கிறது. செயினை மாற்ற வேண்டுமா?

வேண்டாம் தம்பி. ஓரிரவில் வருவது மேல்துரு. துணியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். அதையே ஒரு வாரம் விட்டால் துரு இணைப்புகளுக்குள் இறங்கி, செயின் மடங்கிய இடத்தில் மடங்கியபடியே நிற்கும்.

ரூமுக்கு வந்ததும் தலை துவட்டுகிற நேரத்தில் இதையும் செய்துவிடு. ஒரு மக் தண்ணீர் ஊற்றிச் சேற்றைக் கழுவு. பழைய பனியன் துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாகச் சுற்று. ஈரம் காய்ந்ததும் செயின் கண்ணிகளுக்கு நடுவே சுழலும் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு துளி எண்ணெய் விட்டு, கொஞ்ச நேரம் கழித்து வெளியே வழிவதைத் துடைத்து எடு. பலரும் கடைசித் துடைப்பை விட்டுவிடுகிறார்கள். எண்ணெய் வேலை செய்வது உருளைக்கு உள்ளே. வெளியே நிற்கும் எண்ணெய் மண்ணைத்தான் இழுக்கும்.

மாற்ற வேண்டுமா என்பதை நிறம் சொல்லாது, அளவுதான் சொல்லும். செயினில் கண்ணிகளைக் கோக்கும் ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளி இருக்கும் பின்னின் நடு வரை சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். 11 ஸ்பீடு (பின்பக்கம் 11 பற்சக்கரம் உள்ள சைக்கிளின்) செயினில் அது ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டிருந்தால் மாற்றிவிடு. தள்ளிப்போட்டால் பின்சக்கரப் பல்லும் தேய்ந்து, செலவு பல மடங்காகும்.

ஆற்காட்டிலிருந்து எழுதுகிறேன் சார். அப்பா தேங்காய் எண்ணெய் விடச் சொல்கிறார். மெக்கானிக் பழைய இன்ஜின் ஆயில் போதும் என்கிறார். எது சரி?

இரண்டுமே வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். மார்கழிக் காலையில் உங்கள் வீட்டுப் பாட்டிலைப் பார்த்தாலே தெரியும். நாளானால் பிசினாகவும் மாறும். பழைய இன்ஜின் ஆயிலில் கரியும் உலோகத்தூளும் கலந்திருக்கும். அதைச் செயினில் விட்டால் தேய்மானம்தான் கூடும். தையல் மெஷின் எண்ணெய் கெடுதல் இல்லை. ஆனால் ரொம்ப மெல்லியது, ஒரு மழைக்கு நிற்காது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை ஈரத்துக்கென்று விற்கும் கெட்டியான செயின் ஆயில் விடுங்கள். தை பிறந்து புழுதி கிளம்பியதும் உலர்வகை ஆயிலுக்கோ மெழுகுக்கோ மாறிக்கொள்ளலாம்.

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு அம்மா: என் மகன் டொராண்டோவில் படிக்கிறான். இங்கிருந்து ஆசையாக எடுத்துப்போன ரோடு பைக். பனிக்காலத்தில் அங்கே ரோட்டில் உப்பு கொட்டுவார்கள், ஒரே வருஷத்தில் சைக்கிள் அரித்துப்போய்விடும் என்று பயமுறுத்துகிறார்களாம். நிஜமா தம்பி?

கவனிக்காமல் விட்டால் நிஜம்தான் அம்மா. கவனித்தால் சைக்கிள் பிழைத்துக்கொள்ளும். மகனுக்கு இதை அப்படியே அனுப்பிவிடுங்கள்.

உப்புத் தண்ணீர் 0 டிகிரியில் உறையாது, அதனால்தான் ரோட்டில் போடுகிறார்கள். சாதாரண உப்பு மைனஸ் 9, 10 டிகிரி வரைதான் உருப்படியாக வேலை செய்யும். அதற்கும் கீழே போகும் இடங்களில் கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு போன்றவற்றையும் சேர்க்கிறார்கள். இவை காற்றிலிருக்கும் ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும். ரோடு காய்ந்த பிறகும் சைக்கிளில் ஒட்டிய இந்த உப்பு காயாமல் கசகசவென்றே இருக்கும். அரிப்பு இரவு பகல் நிற்காது.

உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். இரும்பும் அலுமினியமும் தொடும் இடத்தில் அது நுழைந்தால் அலுமினியம் அரிபடும். கார்பனும் அலுமினியமும் சேரும் இடத்திலும் இதே கதி. சீட் போஸ்ட், அதாவது சீட்டைத் தாங்கும் குழாய், ஃபிரேமோடு இறுகி, பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்ற நிலை வருவது இப்படித்தான். ஸ்போக்கை ரிம்மோடு இறுக்கும் சின்ன நட்டான நிப்பிள் அலுமினியமாக இருந்தால் பொடிப்பொடியாகும். பித்தளை நிப்பிள் தாங்கும்.

பனி விழும் முன்பே சீட் போஸ்ட்டைக் கழற்றி கிரீஸ் தடவச் சொல்லுங்கள். போஸ்ட்டோ ஃபிரேமோ கார்பன் என்றால் கிரீஸ் கூடாது, அதற்கென்று தனிப் பசை இருக்கிறது. பெடல் மரைகளுக்கும் கிரீஸ் வேண்டும். இடது பெடலின் மரை மாற்றுமரை (எதிர்ப்பக்கமாகத் திரும்புவது) என்பதை மறந்து வலுக்கட்டாயமாகத் திருக வேண்டாம். சக்கரத்தை நன்றாக மூடும் நீளமான மட்கார்டு, அதன் நுனியில் தொங்கும் ரப்பர், இரண்டும் அவசியம். முன்சக்கரம் வாரி அடிக்கும் உப்புச்சேறு நேராகப் பாய்வது கிராங்க் (பெடல் பொருந்தும் கை) சுழலும் பேரிங்குக்கும் செயினுக்கும்தான்.

ஓட்டிவிட்டு வந்ததும் உப்பைக் கழுவியாக வேண்டும். அப்பார்ட்மென்டில் இருப்பவர்கள் செடிக்குத் தெளிக்கும் கைப்பம்பில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி அடிக்கலாம். அதற்கும் வழியில்லையென்றால் ஈரத்துணியால் ஃபிரேம், ரிம், செயின் எல்லாவற்றையும் துடைக்கட்டும். கழுவாத சைக்கிளைக் குளிருகிறதே என்று ஹீட்டர் ஓடும் அறைக்குள் வைப்பதுதான் பெரிய கெடுதல். வெளிக்குளிரில் மெதுவாக நடக்கும் அரிப்பு, சூட்டில் வேகம் எடுக்கும்.

என்னைக் கேட்டால், நல்ல சைக்கிளை அந்த மாதங்களில் வீட்டுக்குள் தொங்கவிட்டுவிட்டு, மட்கார்டு உள்ள கியரில்லாத பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம். கியர் வேண்டுமென்றால் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள்ளேயே கியர் இருக்கும் வகை கிடைக்கும். ஒரு விஷயம் அம்மா: ரோட்டில் பளபளவென்று ஐஸ் படிந்த நாளில் எந்தச் சைக்கிளும் வேண்டாம், பஸ்ஸில் போகச் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை. நம் ஊர் ரோட்டில் யாரும் உப்பு போடுவதில்லை. மழையிலும் நான் ஓட்டுவதில்லை. ஆனாலும் ஹேண்டில்பார் போல்ட்டெல்லாம் துரு. ஏன் சார்?

வியர்வைதான். அதுவும் உப்புத் தண்ணீர்தானே. தோல் பதனிடும் ஊர்க்காரர், உப்பு பட்ட இரும்பு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததா? சித்திரை வைகாசியில் முகத்திலிருந்து சொட்டுவது ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் மேல் நேராக விழுகிறது, கை வியர்வை ஹேண்டில்பாரில் சுற்றிய டேப்புக்குள் ஊறுகிறது. வருஷத்துக்கு ஒரு முறை டேப்பைப் பிரித்துப் பாருங்கள். அலுமினியத்தில் வெள்ளைப் பொடி லேசாக இருந்தால் துடைத்துவிட்டுப் புது டேப் சுற்றலாம். குழி விழுந்திருந்தால் ஹேண்டில்பாரையே மாற்றுங்கள், இறக்கத்தில் அது ஒடிந்தால் பல் மட்டும் போவதோடு நிற்காது. வீட்டுக்குள் டிரெயினரில் (சைக்கிளை ஓரிடத்தில் நிறுத்திப் பெடல் செய்ய உதவும் ஸ்டாண்ட்) ஓட்டுகிறவர்கள் ஹேண்டில்பார் மேல் ஒரு துண்டு போட்டுக்கொள்ள வேண்டும். மாமல்லபுரம் பக்கம் கடலோரமாக ஓட்டிவிட்டு வந்தாலும் உடனே ஒரு கழுவு தேவை.

ஏலகிரி இறக்கத்தில் தூறலில் ரிம் பிரேக் (சக்கர வளையத்தை ரப்பரால் அழுத்தும் பிரேக்) பிடித்தால் கரகரவென்று அறுக்கும் சத்தம். பிரேக்கும் உடனே பிடிப்பதில்லை.

சக்கரத்தைக் கழற்றி பிரேக் பேடைப் பாருங்கள். மணலும் ரிம்மிலிருந்து பெயர்ந்த அலுமினியத் துணுக்கும் ரப்பரில் பதிந்திருக்கும். ஊசியால் குத்தி எடுத்து, உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். ரிம்மையும் துடைத்துவிடுங்கள். அப்படியே ஓட்டினால் பேடு ரிம்மையே அரம்போல் ராவிவிடும். பிடிப்பு தாமதமாவது கோளாறு இல்லை. ஈர ரிம்மில் முதல் சில சுற்று தண்ணீரை வழிப்பதற்கே போய்விடும். அதனால் கொண்டை ஊசி வளைவுக்கு வெகு முன்பே லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்குங்கள்.

டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்கள் துருவுக்குப் பயந்து எந்த ஸ்ப்ரேயையும் அதன் பக்கத்தில் அடிக்கக் கூடாது. ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலே பேடு வீண்.

மோட்டார் சைக்கிளோடு சேர்த்து வாட்டர் சர்வீஸுக்குக் கொடுக்கலாமா?

கூடாது. அந்த வேகத்தில் பீய்ச்சும் தண்ணீர் பேரிங்குக்குள் புகுந்து கிரீஸை வெளியே தள்ளிவிடும்.

ரோட்டில் தேங்கிய தண்ணீரில் ஹப் முழுகும் அளவுக்கு ஓட்டிவிட்டேன் அண்ணா. என்ன செய்ய?

சீட் போஸ்ட்டைக் கழற்றி, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஃபிரேமுக்குள் போன தண்ணீரை வடிய விடு தம்பி. கிராங்குக்கு அடியில் சிறு துளை இருந்தால் குச்சியால் குத்தி அடைப்பை எடு. இரண்டு ஹப்பையும் இந்த வாரமே பிரித்துப் புது கிரீஸ் போடச் சொல். சக்கரம் நன்றாகத்தானே சுற்றுகிறது என்று விட்டுவிடாதே. உள்ளே போன தண்ணீர் பேரிங்கின் இரும்புக் குண்டுகளைக் குழிபறித்த பிறகுதான் சத்தம் வரும். இரும்பு ஃபிரேம் என்றால், காய்ந்ததும் உட்பக்கம் அடிக்கும் மெழுகுவகைத் துருத்தடுப்பு வாங்கி அடித்துவிடு.

மார்கழிப் பனிக்கு பிளாஸ்டிக் கவர் போட்டு வெளியே நிறுத்தலாமா?

கவருக்குள் ஈரம் அடைபட்டு இன்னும் சீக்கிரம் துரு ஏறும். திண்ணையிலோ வராந்தாவிலோ ஏற்றிவைத்து, பழைய வேட்டியோ பருத்திப் போர்வையோ போர்த்துங்கள். வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள்.