சியர் குழுவில் சேர்ந்த மகள் வெயிட் தூக்கலாமா?

கேள்வி: டெக்சாஸில் டாலஸுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள், அடுத்த ஆண்டுக்கான பள்ளி சியர் குழுவுக்கு, அதாவது ஆடிக் குதித்து உற்சாகமூட்டும் சியர்லீடிங் குழுவுக்குத் தேர்வாகியிருக்கிறாள். ஸ்டன்ட்டில் மேலே ஏறும் பெண்ணைத் தாங்கும் பேஸ் இடம் அவளுக்கு. ஆகஸ்டுக்குள் உடம்பை வலுவாக்கிக்கொண்டு வரும்படி கோச் சொல்லியிருக்கிறார். இப்போதே பிராக்டிஸ் முடிந்து வந்தால் மணிக்கட்டும் இடுப்பும் வலிக்கிறது என்கிறாள். வெயிட் தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்று ஊரிலிருந்து மாமியார் பயப்படுகிறார். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் உங்கள் மாமியாரின் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் மனம் ஒப்பினால்தான் பிள்ளையும் நிம்மதியாகப் பயிற்சி செய்வாள். கற்றுத்தர ஆள் இருந்து, முறையாகச் செய்யும் எடைப் பயிற்சி வளர்த்தியைத் தடுக்காது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2020-இல் வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் சொல்கிறது. 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் வாரத்தில் 3 நாளாவது தசையையும் எலும்பையும் வலுவாக்கும் வேலை செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எடைப் பயிற்சியில் எலும்பின் வளரும் முனையில் அடிபடுவது, பெரும்பாலும் தாங்க முடியாத எடையை மேற்பார்வை இல்லாமல் கோணலாகத் தூக்கும்போதுதான்.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். உங்கள் மகள் ஏற்கெனவே எடை தூக்கிக்கொண்டுதான் இருக்கிறாள். அதுவும் ஆடி அசையும் எடை. டம்பெல் கையில் வைத்தபடி இருக்கும். மேலே நிற்கும் பெண் முன்னும் பின்னும் சாய்வாள், சில சமயம் விழுவாள். அந்த எடையைத் தாங்கும் முன், அசையாத சின்ன எடையில் ஒழுங்காகத் தூக்கப் பழகுவதுதான் பாதுகாப்பு.

சரி, வலி எங்கிருந்து வருகிறது? ஒரு ஸ்டன்ட்டைப் பக்கத்தில் நின்று பாருங்கள். இரண்டு பேஸ்கள் எதிரெதிரே நிற்பார்கள். மேலே ஏறும் பெண்ணை ஃப்ளையர் என்பார்கள்; அவள் பாதங்கள் பேஸ்களின் உள்ளங்கைகளில், மார்பு உயரத்தில் இருக்கும். பின்னால் நின்று காக்கும் பேக் ஸ்பாட் என்ற பெண் ஃப்ளையரின் கணுக்காலைப் பிடித்திருப்பாள். கோச் எண்ணுகிற எண்ணுக்கு எல்லோரும் ஒன்றாக முழங்காலை மடக்கி, ஒன்றாக நிமிர்ந்து, ஃப்ளையரைத் தலைக்கு மேலே ஏற்றுவார்கள். அந்த உந்துதல் தொடையிலிருந்தும் பின்பக்கத் தசையிலிருந்தும் வர வேண்டும். கால் சோர்ந்துபோன பிள்ளை என்ன செய்வாள் தெரியுமா? வயிற்றை முன்னால் தள்ளி, இடுப்பை வளைத்து, கையால் மட்டும் தள்ளுவாள். அன்று இரவு இடுப்பு வலிக்கும். மணிக்கட்டுக் கதையும் இதே போலத்தான். தோள் வலுவாக இருந்தால் பாரம் கை, தோள், இடுப்பு, கால் என்று ஒரே கோட்டில் இறங்கும். தோள் தளர்ந்தால் கை முன்னால் போய், முழுப் பாரமும் பின்னால் மடங்கிய மணிக்கட்டில் நிற்கும். மணிக்கட்டுப் பட்டை வாங்குவதற்கு முன் தோளையும் காலையும் கவனியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பாதத்தைப் பிடிக்கும் விதத்தையும் ஒருமுறை கோச்சைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்றைக்கே வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். மாடிப்படியின் கடைசிப் படியிலிருந்து இரண்டு காலாலும் குதித்து இறங்கச் சொல்லுங்கள். எதிரே நின்று போனில் படம் பிடியுங்கள். இறங்கும் நொடியில் முழங்கால்கள் ஒன்றையொன்று முட்டப்போவதுபோல் உள்ளே சாய்கிறதா? ‘தொம்’ என்று சத்தம் வருகிறதா? அப்படியென்றால் முதல் இரண்டு வாரமும் இதுதான் பாடம். முழங்கால் பாதவிரலுக்கு நேராக மடங்க வேண்டும், பின்பக்கம் பின்னால் போக வேண்டும், சத்தமே வரக்கூடாது. இந்த வயதுப் பெண்களுக்கு முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழியும் ஆபத்து பையன்களைவிட அதிகம். சத்தமில்லாமல் இறங்கப் பழகியவளுக்கு அந்த ஆபத்து குறைகிறது.

அப்புறம் எடைப் பயிற்சி. வாரத்தில் இரண்டு நாள் போதும், முடிந்தால் மூன்று. நடுவில் ஒருநாள் இடைவெளி விட்டு, ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம். டம்பெல்லை மார்போடு அணைத்துப் பிடித்து உட்கார்ந்து எழுவது ஒன்று. முதுகு நேராக இருக்க, பின்பக்கத்தைப் பின்னால் தள்ளி, டம்பெல்லைத் தொடையை ஒட்டியே முழங்காலுக்குக் கீழ்வரை இறக்கி நிமிர்வது அடுத்தது. ஜிம்மில் ரொமேனியன் டெட்லிஃப்ட் என்பார்கள். பேஸுக்கு இதைவிட முக்கியமான பயிற்சி இல்லை என்பது என் கருத்து. தலைக்கு மேலே தள்ளுவதும், அதற்கு ஈடாக எடையைத் தன்பக்கம் இழுக்கும் ரோவும் வேண்டும். தள்ளுவதை மட்டும் செய்தால் தோள் முன்னால் கூனிவிடும். வயிற்றுக்கு, முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகைபோல் நேராக நிறுத்தும் பிளாங்க், பக்கவாட்டுப் பிளாங்க் போதும்; நூறு சிட்-அப் தேவையில்லை. கடைசியாக, ஒரு கையில் மட்டும் எடையைப் பிடித்து நடக்கச் சொல்லுங்கள். நிறைந்த தண்ணீர் வாளியைச் சிந்தாமல் கொண்டுபோவது போல, உடம்பு எந்தப் பக்கமும் சாயாமல் நடக்க வேண்டும். மேலே ஃப்ளையர் ஆடும்போது கீழே அசையாமல் நிற்கும் பலம் இதில்தான் வரும்.

எவ்வளவு எடை? பத்துத் தடவை தூக்கி முடித்ததும் இன்னும் இரண்டு தடவை முடியும் என்று தோன்ற வேண்டும். அந்தப் பத்துத் தடவை ஒரு செட்; இப்படி இரண்டு மூன்று செட். பன்னிரண்டு தடவை சுலபமாக வந்துவிட்டால் அடுத்த அளவு டம்பெல்லுக்குப் போகலாம். தூக்கும் விதம் கோணலானால் எடையைக் குறைக்க வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மூச்சுத் திறனுக்காக மைல் கணக்கில் ஓட வைக்க வேண்டாம். போட்டி ரொட்டீன் பொதுவாக இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் அதற்குள் குதித்து, புரண்டு, தூக்கி, கத்தவும் வேண்டும். அரை நிமிடம் வேகமாகச் செய்து அரை நிமிடம் ஓய்வு என்று தொடங்கி, ஜூலை முடிவுக்குள் இரண்டரை நிமிடம் நிற்காமல் செய்யும் அளவுக்கு வரட்டும்.

உணவைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். இன்று பேஸாக இருப்பவளை நாளை ஃப்ளையராக்கலாம். அப்போது “எடை குறைத்தால் தூக்கச் சுலபம்” என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து அதைக் காதில் வாங்காதீர்கள். உடம்பை இறுக்கிப் பிடிக்கத் தெரிந்த ஃப்ளையரைத் தூக்குவது, இளைத்துத் தளர்ந்த ஃப்ளையரைத் தூக்குவதைவிடச் சுலபம். பட்டினி கிடந்து ஆடும் பெண்ணுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், எலும்பு பலவீனமாகும். மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். உங்கள் வீடு சைவம் என்றால் இரும்புச் சத்தில் தனிக் கவனம் வையுங்கள். இந்த வயதுப் பெண்ணுக்கு நாளைக்கு 15 மில்லிகிராம் வேண்டும். கீரை, கொண்டைக்கடலைச் சுண்டல் எதுவானாலும் எலுமிச்சை பிழிந்து கொடுங்கள். சாப்பாட்டோடு டீ வேண்டாம். பிராக்டிஸுக்கு முன் ஒரு வாழைப்பழமும் கொஞ்சம் சுண்டலும் பையில் இருக்கட்டும். தூக்கம் எட்டு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது.

இடுப்பு வலி பின்னால் வளையும்போது அதிகமானால், அல்லது இரண்டு மூன்று வாரமாகியும் போகாவிட்டால், தசைப்பிடிப்பு என்று விட்டுவிடாதீர்கள். முதுகெலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம். விளையாட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். தலையில் அடிபட்டால் அன்று மறுபடி ஆட விடவே கூடாது. பள்ளி சியர் காயங்களை ஐந்து ஆண்டு கணக்கெடுத்து 2016-இல் வந்த ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் ஒன்று மூளை அதிர்ச்சி. காயங்களில் பாதிக்கு மேல் ஸ்டன்ட்டில் நடந்தவை.

சீசன் தொடங்கியதும் எடைப் பயிற்சியை நிறுத்திவிட வேண்டாம். வாரம் ஒன்றிரண்டு முறை, குறைந்த செட்டோடு தொடரட்டும்.

கடைசியாக, பள்ளியில் ஒரு விஷயம் கேளுங்கள். சியர்லீடிங்கை மற்ற விளையாட்டுகளுக்குச் சமமாக நடத்த வேண்டும், அந்தப் பிள்ளைகளுக்கும் மருத்துவப் பரிசோதனையும் வலுப்பயிற்சியும் தகுதியான கோச்சும் வேண்டும் என்று மேலே சொன்ன அகாடமி 2012-லேயே கூறிவிட்டது. ஃபுட்பால் பையன்கள் பயன்படுத்தும் வெயிட் ரூம் சியர் குழுவுக்கு எந்த நாள், எந்த நேரம் கிடைக்கும், கற்றுத்தர யார் இருப்பார் என்று கோச்சிடம் கேளுங்கள். நாலைந்து பெற்றோர் சேர்ந்து, கோடை விடுமுறை அட்டவணை போடும் முன்பே கேட்டால் நல்லது.